வாய்பாடும் பெயரும்: கனிமச் சேர்மங்களின் தமிழ்ப் பெயரீடு பற்றிய ஓர் இலக்கண ஆய்வு

வேதியியலார் பார்முலா என்று வழங்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வாய்பாடு என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சூத்திரம் என்றும் கூறும். இரண்டும் தமிழ் பயில்வார்க்கு நன்கு பழகிய சொற்களே. தேமா, புளிமா என்பன சீர்களின் வாய்பாடுகள். சில எழுத்துக்களில் பல பொருளை அடக்கிக் காட்டுவது சூத்திரம். வேதியியலின் வாய்பாடும் அத்தகையதே. எந்தத் தனிமம், எத்தனை அணு என்னும் செய்தியை அது சில குறிகளில் அடக்கி விடுகிறது. அக்குறிகளை வாயாற் கூறும்போது பெயர் பிறக்கிறது. ஆதலின் பெயரை வாய்பாட்டின் உரை எனலாம். உரை சூத்திரத்தோடு மாறுபடின் பயில்வோன் இடர்ப்படுவான்.

சேர்மங்களின் தமிழ்ப் பெயர்களைப் பற்றி இதுகாறும் நிகழ்ந்த வாதங்கள் பெரும்பாலும் சொல்லைப் பற்றியனவே. தனித்தமிழா, வடசொல்லா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்பதே வினாவாக இருந்தது. சொற்கள் கூடுமிடத்து நிகழும் புணர்ச்சியும், வேற்றுமை ஏற்குமிடத்து நிகழும் திரிபும், எண்ணுப்பெயர் எதனைத் தழுவுகிறது என்பதும் போதிய அளவு ஆராயப்படவில்லை. இவை வேதியியலாரின் பணியல்ல. தமிழிலக்கணம் கற்றோரின் பணி. இக்கட்டுரை ஒரே ஓர் அளவுகோலைக் கொண்டு இப்பெயர்களை நோக்குகிறது. பெயரைக் கேட்டவர் வாய்பாட்டை எழுதவும், வாய்பாட்டைக் கண்டவர் பெயரைக் கூறவும் இயலல் வேண்டும் என்பதே அவ்வளவுகோல். ஆய்வுக்குரியது செவிக்கு எட்டும் பெயரேயாதலின், வாய்பாடுகளைக் குறிகளால் எழுதாது, அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லால் விரித்தே ஈண்டுக் கூறுகின்றேன்.

1. வழக்கிலுள்ள பெயர்கள்

மதுரை மாசி வீதிகளின் நாட்டு மருந்துக் கடைகளிற் படிக்காரம், நவச்சாரம், வெங்காரம், அன்னபேதி, மயில்துத்தம் என்று கேட்டால் இன்றும் பொருள் விளங்கும். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு; அன்னபேதி இரும்பின் சல்பேட்டு; மயில்துத்தம் செம்பின் சல்பேட்டு; வெள்ளைத்துத்தம் துத்தநாகத்தின் சல்பேட்டு. இவற்றுட் பின்னைய இரண்டும் கருதத்தக்கன. துத்தம் என்பது இனத்தையும், மயில், வெள்ளை என்னும் அடைகள் வகையையும் உணர்த்துகின்றன. பெயரிடுவதில் ஓர் ஒழுங்கு நம்மவர்க்கு இருந்தது என்பதற்கு இது சான்று. எனினும் அவ்வொழுங்கு நிறத்தைப் பற்றியது, உறுப்பைப் பற்றியதன்று.

மதுரையின் மேல்பால் காளவாசல் என்றோர் இடம் உண்டு. காளவாய் என்பது சுண்ணாம்பும் செங்கலும் சுடும் சூளை. அச்சூளையைச் சுற்றி வழங்கும் சொற்கள் வேதியியலாசிரியர்க்குப் பெரிதும் பயன்படுவன. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாற் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதனை நீரூற்றி நீற்றினாற் கிடைப்பது நீற்றிய சுண்ணாம்பு. முதலாவது கால்சியம் கார்பனேட்டு, இரண்டாவது கால்சியம் ஆக்சைடு, மூன்றாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. சாந்தாகப் பூசிய பின்னர் நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கார்பனேட்டாக இறுகும். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையை இப்பெயர்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயின் எத்தனை அணு என்பதைக் காட்டவில்லை.

எண்ணிக்கை வேறுபாட்டால் என்ன கேடு விளையும் எனின், சித்த மருத்துவத்தில் வழங்கும் வீரம், பூரம் என்னும் இரண்டையும் நோக்குக. இரண்டும் பாதரசமும் குளோரினும் கூடியவை. ஒரு பாதரச அணுவுக்கு இரண்டு குளோரின் அணுக்கள் இருப்பது வீரம். இரண்டு பாதரச அணுக்களுக்கு இரண்டு குளோரின் அணுக்கள் இருப்பது பூரம். முன்னது கொடிய நஞ்சு. பின்னது முற்காலத்தில் மேலை மருத்துவரும் பேதிமருந்தாகக் கொடுத்தது. வீரம், பூரம் என்னும் பெயர்கள் இன்று கற்பார்க்கு இடுகுறியாகவே நிற்கின்றன. நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டைக் கொண்டு கூறுவதாயின், வேதியியல் வேண்டுவது காரணப்பெயர். அதுவும் நிறமோ செயலோ காரணமாக வந்த பெயரன்று, உறுப்பும் எண்ணும் காரணமாக வந்த பெயர்.

மேலை நாட்டாரும் இதே நிலையினின்றே தொடங்கினர். 1787-இல் பாரிசு நகரில் குய்தோன் த மோர்வோ, இலவாசியே, பெர்த்தொலே, பூர்குருவா என்னும் நால்வர் உறுப்பைக் கொண்டு பெயரிடும் முறையை வெளியிட்டனர். 1813, 1814 ஆம் ஆண்டுகளிற் பெர்சீலியசு தனிமங்களுக்கு எழுத்துக்குறிகளை வகுத்தார். அதன் பின்னரே பெயரும் வாய்பாடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கலாயின.

2. மொழிபெயர்த்த பெயர்களின் குறை

தமிழில் வேதியியலை எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரின் முயற்சியால் 1875-இல் வெளிவந்த நூலுக்குக் கெமிஸ்தம் என்பதே பெயர். ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தமிழுக்கேற்ற ஈறு கொடுத்து அமைத்த அப்பெயர், பிற்கால வாதம் முழுவதற்கும் முன்னறிவிப்பாக அமைந்தது. சேலத்தில் 1916-இல் இராஜாஜி முதலியோர் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். 1936-இல் சென்னையில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். அதன் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938-இல் வெளிவந்தது. அடிகள் 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விற் தேறியவர், விஞ்ஞானம் கற்பித்தவர். இலக்கணமும் வேதியியலும் ஒருவரிடத்தே கூடியிருந்த அந்நிலை பின்னர் அரிதாயிற்று.

இவ்வாறு வந்த சொற்களுட் கரியமிலவாயு என்பது மக்கள் நாவில் நிலைத்தது. இது கார்பானிக் அமில வாயு என்னும் பழைய ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு. நீரிற் கரைந்தால் அமிலமாகும் என்னும் பண்பே இப்பெயரின் காரணம். ஒரு கரி அணுவோடு ஆக்சிஜன் அணு இரண்டு கூடியுள்ளன என்பதை இது உணர்த்தாது. ஆகவே ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் கூடிய வாயுவுக்கு இதற்கு இணையான பெயர் அமைக்க இயலாது போயிற்று. அடைத்த அறையிற் கரியை எரித்தாற் கொல்வது பெரிதும் அவ்விரண்டாம் வாயுவே. இணைப்பெயர் இல்லாவிடத்து இரண்டனையும் மாணவன் ஒன்றாகக் கருதுதல் எளிது.

தனிமங்களின் பெயரை மொழிபெயர்ப்பதிலும் இடர் உண்டு. ஆக்சிஜன் என்பதற்கு அமிலத்தைத் தோற்றுவிப்பது என்பது சொற்பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என இலவாசியே கருதியமையால் வந்த பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது பின்னர்ப் புலனாயிற்று. சொற்பொருளை மொழிபெயர்த்தாற் பிழையும் உடன் மொழிபெயர்க்கப்படும். உயிர்வளி, உயிரகம் எனச் செயல்பற்றிப் பெயரிட்டாலோ வாய்பாட்டிலுள்ள குறிக்கும் பெயருக்கும் ஒலித்தொடர்பு அற்றுப்போம். நடுவணரசு 1961-இல் அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் தனிமம், சேர்மம் ஆகியவற்றின் உலகப் பொதுப்பெயர்களைப் பெரும்பாலும் அவ்வாறே கொள்ளலாம் என்றும், குறிகளை உரோம எழுத்திலேயே எழுதலாம் என்றும் வகுத்தது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம், கந்தகம் போலத் தமிழில் முன்னரே பெயருள்ளவற்றை நீக்கிப் பிறவற்றுக்கு இம்முறையே தக்கது.

3. இலங்கை வழக்கும் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியும்

தனிமப்பெயரை ஒலிபெயர்த்துக்கொள்ளினும், எண்ணைக் குறிக்கும் முன்னொட்டைக் கிரேக்க மொழியிலேயே கொள்ள வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கார்பன் டை ஆக்சைடு எனக் கூற, 1950களிலும் அதன் பின்னரும் இலங்கையில் உருவான கலைச்சொற்றொகுதிகள் காபனீரொட்சைட்டு என்று கூறின. ஓர் ஆக்சிஜன் உடையது காபனோரொட்சைட்டு. ஓர், ஈர் என்பவை உயிர்முதற் சொற்களின் முன் வரும் எண்ணுப்பெயர்த் திரிபுகள். ஓரெழுத்து, ஈரடி, மூவுலகு, முக்கனி, நாற்றிசை, ஐங்கரன் என நாம் நாளும் வழங்கும் முறையே இங்குப் பின்பற்றப்பட்டது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ தமிழ்வழியிற் பயின்று வரும் மாணவி டை, டிரை, டெட்ரா என்பவற்றைப் புதிதாக மனனம் செய்தல் வேண்டும். ஈர், மூ, நால் என்பவற்றையோ அவள் தாய்மொழியோடு கற்றிருக்கிறாள். பெயரைக் கேட்டவுடன் வாய்பாட்டின் எண் அவளுக்குத் தானே விளங்கும். இலங்கை அறிஞரின் இம்முடிவு இலக்கணத்துக்கும் கல்விக்கும் ஒருங்கே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

எனினும் அவர்கள் புணர்ச்சியை முழுமையாகக் கடைப்பிடித்தமை வேறொரு குறைக்கு இடந்தந்தது. கார்பனோடு நான்கு குளோரின் கூடியதைக் காபனாற்குளோரைட்டு என்றனர். காபன் என்பதும் நாற்குளோரைட்டு என்பதும் கூடியவிடத்து நகரம் மறைந்தது. கண்ணுற்றவர் காபன் முடியும் இடத்தையும் எண் தொடங்கும் இடத்தையும் தேடிக் காணல் வேண்டும். கந்தகவீரொட்சைட்டு என்பதில் உடம்படுமெய் புகுந்து, வீர் என்றோர் உறுப்பு இருப்பது போன்ற மயக்கத்தைத் தருகிறது. சோடியமைதரொட்சைட்டு என்பதும் அத்தகையதே. செய்யுளிற் புணர்ச்சி ஓசைக்குத் துணை செய்யும். உறுப்பைப் பிரித்துக் காட்டவேண்டிய பெயரில் அது உறுப்பை மறைக்கும். ஆகவே எண்ணுக்கும் அடுத்து நிற்கும் சொல்லுக்கும் இடையே புணர்ச்சியைக் கொண்டு, தனிமப்பெயருக்குப் பின் இடம்விட்டு எழுதுவதே நேர்வழியாகத் தோன்றுகிறது. கார்பன் ஓராக்சைடு, கார்பன் ஈராக்சைடு, கந்தக மூவாக்சைடு, கார்பன் நாற்குளோரைடு என எழுதினால் எண்ணும் விளங்கும், எல்லையும் விளங்கும்.

எண்ணை மொழிபெயர்க்குமிடத்துப் பழம்பெயரின் பிழையைச் சுமவாதிருத்தலும் வேண்டும். ஆப்பச் சோடாவைச் சோடியமிருகாபனேற்று என்பது இலங்கை வழக்கு. இஃது ஆங்கிலத்துப் பைகார்பனேட் என்பதன் மொழிபெயர்ப்பு. அச்சேர்மத்தின் வாய்பாட்டில் சோடியம் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. கார்பனேட்டு இரண்டு இல்லை. சலவைச் சோடாவோடு ஒப்பிடுகையிற் சோடியத்தின் அளவுக்குக் கார்பனேட்டு இருமடங்கு என்பதனால் வந்த பழம்பெயர் அது. பை என்பது ஆங்கிலத்திற் பொருள் மங்கிய முன்னொட்டாகக் கிடந்தது. தமிழில் இரு என்றவுடன் அது பொருளுள்ள எண்ணாக எழுந்து பிழையான வாய்பாட்டை எழுதத் தூண்டுகிறது. சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்டு என்பதே இரு கரையினரும் கொள்ளத்தக்க பெயர்.

4. டகர ஒற்றும் வேற்றுமையும்

இனிக் கூறப்புகுவதே இவ்வாய்வின் தலையாய பகுதி. ஆங்கிலத்தில் ஒரே தனிமத்தின் மூவகை உப்புக்களை ஈறுகளே வேறுபடுத்துகின்றன. கந்தகம் மட்டும் கூடியது சல்பைடு. கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன் கூடியது சல்பைட்டு. நான்கு கூடியது சல்பேட்டு. முதலிரண்டுக்கும் ஆங்கிலத்திலுள்ள வேற்றுமை ஈற்று மெய்யின் மென்மையும் வன்மையுமே. தமிழெழுத்தில் அவ்விரண்டுக்கும் டகரம் ஒன்றே உண்டு. ஆதலின் தனி டகரத்தை மெல்லொலிக்கும், இரட்டித்த டகரத்தை வல்லொலிக்கும் கொள்வது தமிழ்நாட்டு வழக்கு. இஃது உயிரிடைப்பட்ட வல்லினத்தின் இயல்பை ஒட்டியது, நன்றே.

ஆயின் இப்பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது நிகழ்வதை நோக்குக. நெடிற்றொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்து டகர றகரங்கள் வேற்றுமையில் பெரும்பாலும் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. நாடு நாட்டின் ஆகும்; வயிறு வயிற்றின் ஆகும். பிறமொழிச் சொல்லும் இதற்கு விலக்கன்று. மதுரை மக்கள் ரோடு என்பதை ரோட்டில் என்றே கூறுவர். இவ்விதிப்படி சல்பைடு என்பது சல்பைட்டின் என்றாகும். சல்பைட்டு என்பதோ முன்னரே இரட்டித்திருப்பதால் அதுவும் சல்பைட்டின் என்றே ஆகும். எழுவாய் வேற்றுமையில் நின்ற வேறுபாடு ஏனைய வேற்றுமைகளில் அழிந்துபடுகிறது. சல்பைட்டின் வாய்பாட்டை எழுதுக என்னும் வினாவுக்கு ஒரு மாணவன் ஆக்சிஜன் இன்றியும், மற்றொருவன் மூன்று ஆக்சிஜனோடும் விடை எழுதினால், இருவரும் இலக்கணப்படி பிழையிலரே. நடைமுறையில் ஆக்சைடின் எனச் சிலரும் ஆக்சைட்டின் எனச் சிலரும் எழுதுகின்றனர். ஆக்சைடில் இதனால் இடர் பெரிதன்று. சல்பைடிலும், நைட்ரைடிலும், குளோரைடிலும் இடர் உண்டு.

இலங்கை வழக்கு இவ்விடரை முற்றும் விலக்கியது. அங்கு மெல்லொலி டகர இரட்டையாலும், வல்லொலி றகர இரட்டையாலும் எழுதப்படும். சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று என்பன முறையே அம்மூன்றன் பெயர்கள். சல்பைட்டின், சல்பைற்றின், சல்பேற்றின் என எவ்வேற்றுமையிலும் வேறுபாடு அழிவதில்லை. இஃது எழுத்திலக்கணத்தை நன்குணர்ந்தோர் செய்த ஏற்பாடு. றகர இரட்டையை அவர்கள் ஆங்கில வல்லொலிக்கு அணித்தாக ஒலிப்பர். தமிழ்நாட்டாரோ அதனை ரகரங் கலந்து ஒலிப்பர். ஆகையால் சல்பேற்று என்பது நம்மவர் வாயில் மூலத்தினின்றும் விலகி ஒலிக்கும். ஒரு கரையின் தீர்வு மறுகரைக்கு அப்படியே பொருந்தாமைக்கு இவ்வொலி வேறுபாடே காரணம்.

இதனினும் கடியது ஒன்றுண்டு. சோடியம் குளோரைட்டு என ஒரு நூலில் எழுதப்பட்டிருந்தால் அது யாது? இலங்கை நூலாயின் அது கறியுப்பு. தமிழ்நாட்டு முறைப்படி எழுதிய நூலாயின் அது சோடியம், குளோரின் ஆகியவற்றோடு இரண்டு ஆக்சிஜன் கூடிய வெளுப்பான். துணியாலைகளில் பயன்படுவது, உண்ணத்தகாதது. எழுத்து ஒன்றே, மொழி ஒன்றே, பொருள் இரண்டு. இரு நாட்டு நூல்களும் ஒரே நூலகத்திலும் ஒரே கணினித் தொகுப்பிலும் அருகருகே இருக்கும் இக்காலத்தில் இதனைச் சிறு எழுத்து வேறுபாடு எனக் கருதி விடுதல் தகாது.

5. எண் எதனைத் தழுவும்?

ஒரே உலோகம் இருவேறு நிலையிற் சேர்மம் ஆகுமிடத்துப் பெரஸ், பெரிக் என்னும் ஈறுகள் முன்னர் வழங்கின. வீரத்தையும் பூரத்தையும் மெர்க்குரிக் குளோரைடு, மெர்க்குரஸ் குளோரைடு என்பர். நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையே நிற்பது ஈற்றசை ஒன்றே. இக்குறையை நீக்க 1919-இல் ஆல்பிரடு ஸ்டாக் என்பார் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையை அடைப்புக்குறிக்குள் உரோம எண்ணால் எழுதும் முறையை முன்மொழிந்தார். அதுவே இன்று எங்கும் வழங்குகிறது.

எழுத்திற் குறையற்ற இம்முறை தமிழில் வாய்விட்டுப் படிக்குங்கால் மயக்கம் தருகிறது. இரும்பு மூன்று ஆக்சைடு எனப் படித்தால், தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வருவதே மரபாதலின், மூன்று என்பது ஆக்சைடைத் தழுவும். கேட்டவன் ஓர் இரும்புக்கு மூன்று ஆக்சிஜன் என எழுதுவான். உண்மையில் அதன் வாய்பாடு இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று. மூன்று என்பது இரும்பின் நிலையேயன்றி ஆக்சிஜனின் எண்ணன்று.

இதற்குத் தீர்வும் இலக்கணத்திலேயே உண்டு. எண்ணுப்பெயர் வேற்றுமையில் அன் சாரியை பெறும். இரண்டன், மூன்றன் என்பன நாமறிந்த வடிவங்கள். இரும்பு மூன்றன் ஆக்சைடு, இரும்பு இரண்டன் ஆக்சைடு, பாதரசம் ஒன்றன் குளோரைடு, பாதரசம் இரண்டன் குளோரைடு எனப் படித்தால் எண் முன்னின்ற உலோகத்தோடு இயைந்து நிற்கும். பின்னுள்ள பெயரைத் தழுவாது. எழுத்தில் உலக வழக்கு மாறாது; படிப்பில் மட்டும் சாரியை ஒன்று கூடும்.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. வாய்பாடும் குறியும் உலகப் பொதுமுறையில் நிற்க. எண்ணைக் குறிக்கும் முன்னொட்டில் இலங்கை அறிஞர் காட்டிய தமிழ்வழியை நாமும் ஏற்க. தனிமப்பெயருக்குப் பின் புணர்ச்சியை விலக்கி எல்லையைக் காட்டுக. ஆக்சிஜனேற்ற எண்ணைச் சாரியை கொடுத்துப் படிக்க. தமிழ்நாட்டு நூல்களில் சல்பைடு, குளோரைடு முதலியவற்றின் டகரம் எவ்வேற்றுமையிலும் இரட்டியாதென ஒரு விலக்கை வகுத்துச் சல்பைடின், குளோரைடின் என்றே எழுதுக. பெரும்பாலும் இரட்டிக்கும் என்று கூறியதனால் நன்னூலே இத்தகைய விலக்கிற்கு இடந்தருகிறது. கலைச்சொல் அகராதி எதுவாயினும் இரு கரையின் வடிவங்களையும் வாய்பாட்டோடு சேர்த்தே பதிப்பிக்க.

தமிழ்த்துறை மாணவர் இவற்றை வேதியியலார்க்குரியன என ஒதுக்குதல் தகாது. சல்பைட்டின் என்னும் ஒரு சொல்லில் இரண்டு சேர்மங்கள் மயங்குவதை வேதியியல் நூல் காட்டாது. குற்றியலுகரப் புணரியலே காட்டும். கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்து தமிழில் வேதியியல் கற்கும் மாணவன் விடையைத் தவறவிடுவது அவனது அறியாமையாலா, நாம் திருத்தாது விட்ட எழுத்துமுறையாலா என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டிய பொறுப்பு நம்முடையது.